கணப்போரக் கட்டில்

இரவு எட்டு மணி ஐம்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வானொலிப் பெட்டியின் பச்சை விளக்கு. அமெரிக்கப் படையினருக்கான நிலையம் இரைச்சலில் மூழ்கி மூழ்கி எழுந்தபோதெல்லாம் அது துடித்தது.

எழுபதுகளின் தொடக்கம், மியூனிக். ஆராய்ச்சி மாணவர்கள் இருவருக்கும் ஒரே அறை. என் கட்டில் நிலக்கரிக் கணப்பை ஒட்டி இருந்தது. நண்பனுடையது காற்று புகும் ஜன்னலடியில். மதுரைக்காரன். முந்தைய குளிர்காலம் முழுக்கக் கோட்டோடும் குல்லாவோடும்தான் தூங்கினான்.

வசந்தத்தில் பேஸ்பால் பருவம் தொடங்கியபோது பந்தயம் கட்டினோம். ஆளுக்கு ஒரு பந்துவீச்சாளர். மட்டையாளரை மூன்று முறை ஏமாற்றினால் அது ஒரு ஸ்ட்ரைக்-அவுட். பருவ முடிவில் அவன் ஆள் அதில் முந்தினால் கணப்போரக் கட்டில் அவனுக்கு. சமமாக முடிந்தால் கட்டில் மாறாது.

அன்று கடைசி நாள். இருவர் ஆட்களும் சமம். என் ஆளுக்கு இனி ஆட்டமில்லை. அவன் ஆள் தன் கடைசி மட்டையாளருக்கு வீசிக்கொண்டிருந்தார்; அடுத்தவருக்கு வேறு ஆள் வீசுவார் என்று வர்ணனையாளர் சொல்லியிருந்தார். இரண்டு முறை ஏமாற்றியாகிவிட்டது.

"மாப்ள, இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"வாய மூடுடா, கேக்கல."

மூன்றாவது பந்து. மட்டை காற்றைத்தான் அடித்தது. நண்பன் எழுந்துவிட்டான். ஆனால் பின்னால் நின்றவர் பந்தைக் கோட்டைவிட்டார்; மட்டையாளர் 'ஃபர்ஸ்ட் பேஸ்' என்கிற முதல் தளத்துக்கு ஓடித் தப்பினார்.

"கீப்பர் விட்டுட்டான்டா! படுபாவி!"

"நாட் அவுட்! ஜன்னல் உனக்குத்தான். வேணும்னா என் கம்பளிய தர்றேன்."

"அத நீயே போத்திக்க."

அரங்கின் ஆரவாரம் மட்டும் அடங்கவில்லை. எதிரணி ஆள் தப்பியதற்கு உள்ளூர்க் கூட்டம் ஏன் இப்படிக் கத்துகிறது? வர்ணனையாளர் மூச்சு வாங்கச் சொன்னார்: மட்டையாளர் தளத்தைத் தொட்டாலும் ஸ்ட்ரைக்-அவுட் பந்துவீச்சாளர் கணக்கில் சேரும், பருவத்தின் முதலிடம் இவருக்கே. கிரிக்கெட்டில் வளர்ந்த எங்களுக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

நண்பன் என் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். "எந்திரிடா! இது என் எடம்!"

கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு உட்கூரையை இடித்தார். அவன் குதிப்பதை நிறுத்தவில்லை. நான் தலையணையை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனேன்.

அந்த ஆண்டு மியூனிக்கில் அக்டோபரிலேயே பனி விழுந்தது.