மூவாயிரம் பேருக்கு மேல்

யோகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. மாசாயில் அடுக்குமாடி வீடு. தெப்ராவில் இருந்த மென்பொருள் நிறுவனத்துக்கு மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு வருடமாகப் போய்வந்தாள். கணவன் வீரமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நாள்களில் அவள் பாதி வேலையில் கிளம்பினாலும் முதலாளி சுகுமாறன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை அவள் மறந்ததுமில்லை.

போன வருடம் ஒரு பேருந்து நிறுவனம், டிக்கெட் விற்கும் இணையத்தளத்தைப் புதிதாகச் செய்து தரக் கேட்டது. சாதாரண நாளில் கூட்டம் இருக்காது. நோன்புப் பெருநாள் டிக்கெட் திறக்கும் காலையில் மட்டும் ஐம்பதாயிரம் பேர் ஒன்றாக நுழைவார்கள். எந்த ஃபிரேம்வொர்க்கில் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. இணையத்தளத்தின் எலும்புக்கூடு அது. பாதியில் மாற்ற முடியாது.

யோகேஸ்வரி ஜாங்கோ என்றாள். பழசுதான். ஆனால் கூட்டம் ஏறினால் எங்கே திணறும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. சுகுமாறனோ வெளிவந்து ஒன்றரை வருடமே ஆன ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதில் செய்த மாதிரியைப் பேருந்து நிறுவனத்தாரிடம் ஏற்கெனவே காட்டியிருந்தார். பக்கங்கள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவர்கள் கைதட்டினார்களாம்.

அவள் இரண்டிலும் சிறிதாக ஒன்று கட்டி, போலிப் பயனர்களை அனுப்பிச் சோதித்தாள். புதியது மூவாயிரம் பேருக்கு மேல் அசையவில்லை.

"பாஸ், மூவாயிரத்துலேயே படுத்துருச்சு. ஐம்பதாயிரம் எப்படித் தாங்கும்?"

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிருவாங்க லா. இல்லன்னா சர்வரைக் கூட்டிக்கலாம்."

"கூட்டினா இன்னும் மோசம் பாஸ். எல்லா சர்வரும் ஒரே டேட்டாபேஸைத்தானே போய் இடிக்கும்?"

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க கையெழுத்துப் போட்டாச்சு, யோகா. இப்பப் போய் மாத்துறோம்னா வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. நம்மகிட்ட இருக்கறது இந்த ஒரு பெரிய புராஜெக்ட்தான்."

அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். ஆனால் மணி இரண்டாகிவிட்டது; வீரமுத்துவை அழைத்துப் போக வேண்டும். சோதனை முடிவுகளை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பதினோரு மாதம் அதிலேயே கட்டினாள். தெரிந்த வித்தையெல்லாம் போட்டு ஒன்பதாயிரம் வரை இழுத்துவந்தாள். அடுத்த வெர்ஷன் வந்தது. அந்தக் குறை அப்படியே இருந்தது.

டிக்கெட் திறந்த நாள் காலை பத்து மணி. பத்து மணி நான்கு நிமிடத்தில் தளம் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. "அலமாக்!" என்று கத்திய சுகுமாறன் சர்வர்களை இரட்டிப்பாக்கச் சொன்னார். டேட்டாபேஸும் விழுந்தது. யோகேஸ்வரி எழுப்பிவிட்டாள். இரண்டு நிமிடம் ஓடி மறுபடி விழுந்தது. பிறகு எழுப்புவதும் விழுவதுமாகவே இருந்தது.

நடுவில் கைப்பேசி அடித்தது. பக்கத்து வீட்டுக் காதர் பீவி.

"யோகம்மா, பினாங்குக்கு ஒரு சீட்டு வேணும்மா. மகளுக்குப் பெருநாளைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுக்கப் போறாங்க. மணிக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க செஞ்சதுதானே, உள்ளேருந்து ஒண்ணு எடுத்துத் தர முடியாதா?"

"முடியாதுக்கா. உள்ளேயும் இதேதான் தெரியுது."

"சரிம்மா, நீங்க வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார். அவர் அப்படிச் சலிப்பில்லாமல் சொன்னதுதான் யோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

மாலையில் பேருந்து நிறுவனம் நிலையங்களில் உள்ள கவுன்ட்டர்களிலேயே டிக்கெட் விற்கத் தொடங்கியது. காதர் பீவி மூத்த மருமகனோடு லார்க்கின் பேருந்து நிலையத்தில் ஆறு மணிநேரம் நின்றும் கிடைக்கவில்லை. குழந்தை பிறந்து நான்காம் நாள்தான் அவரால் போக முடிந்தது.

மறுநாள் சுகுமாறன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "எதிர்பாராத கூட்டம்னு ரிப்போர்ட் எழுதிரு யோகா. உன் டெஸ்ட் பத்தி வேணாம்."

"எதிர்பார்த்ததுதானே பாஸ்?"

அவர் ரிப்போர்ட் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். எதிர்பாராத கூட்டம் என்றே அவள் எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, எல்லாவற்றையும் ஜாங்கோவில் திரும்பக் கட்டலாமா என்று கேட்டாள். அடுத்த பெருங்கூட்டம் வரும் தீபாவளிக்கு ஆறு மாதம்கூட இல்லை. அதற்குள் முடியாது என்று அவளுக்கே தெரியும். பேருந்து நிறுவனமும் சம்மதிக்கவில்லை. கடைசியில், கூட்டம் கூடும்போது ஆள்களை வெளியிலேயே நிறுத்திவைக்கும் ஒரு வரிசைப் பக்கத்தை முன்னால் வைக்கச் சொன்னார்கள். ஒரு முறைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது என்று கேட்டார்கள்.

"எட்டாயிரம்" என்றாள் யோகேஸ்வரி. மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்த மீட்டிங்கில் யாரும் கேட்கவில்லை.