மேடு பள்ளத்தில் ஒரு துடைப்ப ரோபோ

வீடு வீடாகப் போய் ஒரு பொருளைச் சோதித்துப் பார்ப்பது என்பது, அந்தப் பொருளைத் தவிர மற்ற எல்லோரும் நம்மைச் சோதித்துப் பார்க்கும் தொழில். ஷோரூமில் நின்று நின்று கால் வீங்கியவர்கள், டெமோ காட்டப் போய் "அப்புறம் பாக்கலாமுங்க" கேட்டே காது பழகியவர்கள், நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் பதினாறு வருஷம் ஏலப் பட்டியல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தேயிலை விலை விழுந்துகொண்டே போனது. பட்டியலும் மெலிந்துகொண்டே போனது. கடைசியில், அந்தப் பட்டியலுக்கு நான் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று, தரையைக் கூட்டித் துடைக்கும் ரோபோ மலை வீடுகளுக்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடியது. தோசைக்கல் மாதிரி வட்டமாக ஓர் இயந்திரம். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் இலவசமாக ஓடும். பக்கத்தில் இருந்து நான் படிவம் நிரப்ப வேண்டும். ரிப்போர்ட் நன்றாக இருந்தால் குன்னூரில் கடை, அதில் எனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அதாவது என் சோற்றுக்கு நானே மார்க் போட வேண்டும், அதுவும் நேர்மையாக.

நாலு உயரத்தில் ஒரு வீடு

முதல் வீடு அருவங்காட்டில். ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பழனிசாமி அண்ணன் வீடு. எங்கள் ஊரில் மலைச்சரிவு எப்படிப் போகிறதோ வீடும் அப்படியே போகும். அவர் வீட்டில் ஹால் ஓர் உயரம், சமையலறை இரண்டு படி கீழே, படுக்கையறை ஒரு படி மேலே, குளியலறை அதற்கும் மேலே. ரோபோ ஹாலை மட்டும் அருமையாகக் கூட்டிவிட்டு, படி ஓரம் வந்து எட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டது. "படியைக் கண்டா விழாம நின்னுக்குமுங்க" என்று ஏதோ நானே செய்து வைத்த மாதிரி பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் உள்ளே போனார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்து படியை அளந்தார், சக்கரத்தை அளந்தார், நோட்டில் எழுதினார். ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரத்துக்கு நான் இயந்திரத்தைத் தூக்கிப் போகும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டார். மூன்றாம் நாள் கோடுகளை எண்ணினோம். முப்பத்தொன்று. நோட்டை மூடிவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க, இதத் தூக்கி வெக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னா, அந்த ஆளு கையில வெளக்குமாத்தக் குடுத்துட்டா வேல முடிஞ்சுதுங்களே."

மாரியம்மாவுக்கு மாற்று

ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் ஒரு பெரிய பங்களா. சொந்தக்கார அம்மா கோயமுத்தூர், சீசனுக்கு மட்டும் வருவார். வருஷம் முழுக்க வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருப்பது மாரியம்மா அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை நாளைக் குறைத்ததும் விளக்குமாற்றுக்கு மாறியவர். நான் போன அன்றே, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "இது சரியா ஓடுச்சுன்னா இவள நிறுத்திரலாமுங்களா?" மாரியம்மா அக்கா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

ரோபோ முதலில் கம்பளத்தின் குஞ்சத்தைத் தின்றது. அடுத்து, கறுப்புக் கம்பளத்தைப் பெரும் பள்ளம் என்று நினைத்து ஓரத்திலேயே நின்று அலறியது. மழைக்காலம் என்பதால் அது ஈரமாக்கிய மரத்தரை மறுநாள் மதியம் வரை காயவில்லை. அது வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் நாற்காலிகளைத் தூக்கி வைப்பதும், முடித்த பின் அதன் வயிற்றில் சுற்றிய முடியைப் பிய்ப்பதும், துடைக்கும் துணியை அலசிப் போடுவதும் மாரியம்மா அக்காதான். தன் வேலையைப் பறிக்க வந்ததைக் குளிப்பாட்டிவிட்டவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

படிவத்தில் 'வேலையாளுக்கு மாற்றாக அமையுமா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை. இதற்கே ஒரு வேலையாள் தேவை' என்று எழுதி அந்த அம்மாவிடம் நீட்டினேன். என் கடைக்கு நானே வைத்த முதல் பூட்டு அது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப மாரியம்மா இருக்கட்டும்" என்றார். வாசல் வரை வந்து குடையை எடுத்துக் கொடுத்த அக்கா, என்ன எழுதினேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ரெண்டாளு வேலைன்னு எழுதுனீங்க சரி, அப்பிடியே சம்பளத்தையும் கூட்டி எழுதியிருக்கலாமில்ல தங்கச்சி" என்றார்.

டப்பாவில் நல்ல தூள்

கோத்தகிரி ரோட்டில் சின்னதாக ஒரு தேயிலை ஃபாக்டரி. முதலாளியின் மனைவி, தங்கள் வீட்டுக்குத்தான் ரோபோவைக் கேட்டிருந்தார். முதலாளியோ "வூட்டுல என்னங்க குப்பை இருக்கப் போகுது" என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூள் சலிக்கும் அறைக்குப் போய்விட்டார். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற ஸ்டிக்கரைக் காட்டினேன். இந்த ஃபாக்டரிதான் தனக்கு வீடு என்றார். நாலே நிமிஷம். மூக்கு அடைத்து, பழுப்பு நிறமாகி, ரோபோ நின்றுவிட்டது. அவர் அதன் குப்பை டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, மோந்து பார்த்து, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார்: "போன வாரம் நாம ஏலத்துக்கு அனுப்புனத விட இது நல்லாருக்குது பாரு."

கட்டிலுக்கு அடியில்

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நடந்தது நடந்ததுதான்.

குன்னூரில் வாடகை வீட்டில் இருந்த சரோஜாவுக்கு முதுகு வலி, குனிய முடியாது. கணவர் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். நான் போன மூன்று நாளும் எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொள்ள, குடை எடுக்கத் திரும்பி வந்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போன ரோபோ, கரகரவென்று இழுத்து நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் பிரஷ்ஷில் ஒரு காகிதம் சுற்றியிருந்தது. நான்தான் பிரித்தேன். முதல் வரி கண்ணில் பட்டதும் தெரிந்துவிட்டது. அதே மாதிரி கடிதம் ஒன்று என் பீரோவிலும் இருக்கிறது. 'தற்போதைய சந்தை நிலவரம் காரணமாக' என்று தொடங்கும். தேதி இரண்டு மாதம் பழையது.

மறைக்க நேரமில்லை. சரோஜா கையை நீட்டினார், கொடுத்தேன். படித்து முடிக்கும் வரை அவர் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று சரோஜா கேட்டார். பார்க் பெஞ்சு என்றார் அவர். மழை வந்தால்? ரயில்வே ஸ்டேஷன். வீடு முழுக்கக் கூட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து இயந்திரத்தை விட்டவள் நான்தான். தரையில் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கணவரிடம் சொன்னார்: "டிபன் பாக்ஸைக் குடுங்க. ஆறிப்போறதுக்குள்ள இங்கயே உக்காந்து சாப்புடுங்க."

மேனேஜர் மலை ஏறினார்

ஏழாவது மாதம், என் ரிப்போர்ட்டுகளைப் படித்துவிட்டுக் கோயமுத்தூரிலிருந்து மேனேஜரே நேரில் வந்தார். குறை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு நம்பிக்கை. என் வீட்டிலேயே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி, ஹாலில் இறக்கினார். எங்கள் ஹால் லேசாகச் சரிவு, உருண்டையான எதுவும் வாசலைப் பார்த்துத்தான் உருளும். ரோபோ தண்ணீரைக் கசியவிட்டது. தண்ணீர் வாசல் பக்கம் ஓடியது. ரோபோ அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. சாக்ஸ் நனைந்த மேனேஜர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கடையும் கிடையாது, வேலையும் கிடையாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சரிவுகளை ரொம்ப நேரம் வருத்தத்தோடு பார்த்தார். "மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க மேடம். உங்க மலையத்தான் கொஞ்சம் சமமா வெச்சிருக்கலாம்" என்றார்.

மொத்தத்தில், தானாக வீடு கூட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஏழு மாதம் மலை ஏறி இறங்கியதில், தானாகக் குறைந்தது என் எடை ஒன்றுதான்.