கேட்காமல் சொன்ன சரி

என் மகள் படிக்கும் விடுதிப் பள்ளி நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் பெற்றவர்களை உள்ளே விடுவார்கள். அன்றைக்குப் பள்ளி வாசலே திருவிழாக் கூட்டம்தான். சோற்றுத் தூக்குப்போசி, பாய், தண்ணீர்க் கேன் சகிதம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வேப்பமரத்து நிழல் கிடைக்காதவர்கள் பள்ளி வேன் நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். நானும் இருட்டோடு எழுந்து, தேங்காய்ச் சில்லு நிறையப் போட்டுப் பள்ளிபாளையம் சிக்கன் செய்து எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரான இளம்பிள்ளையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்வேன். இதுவரைக்கும் நான் நல்ல தாய்தான்.

கோளாறு என் வியாபாரத்தில் தொடங்குகிறது. எங்கள் ஊரில் தறிச்சத்தம் கேட்காத தெரு இல்லை. சேலையை வாட்ஸ்அப்பில் விற்கும் பெண் இல்லாத தெருவும் இல்லை. தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, விரித்துப் படம் பிடித்து, குரூப்பில் போட வேண்டியதுதான். 'இந்தக் கலர் இருக்கா சிஸ்டர்?' என்று கேட்பவருக்கு உடனே பதில் போகாவிட்டால் அவர் அடுத்த சிஸ்டரிடம் போய்விடுவார். அதிலும் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் சும்மா உட்கார்ந்து சேலை பார்ப்பார்கள். அதனால் மகளைப் பார்க்கப் போகும் நாளில் எனக்கு இடது கையில் போன், வலது கையில் கரண்டி. அதை என் கெட்டிக்காரத்தனம் என்று பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாயில் இருந்த அம்மாக்களிடம் அங்கேயே சேலை விற்றிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதத்து ஞாயிறு அது. ஒருவர் புதுமனை புகுவிழாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி பதினொரு சேலை கேட்டிருந்தார். என்னிடம் எட்டுதான் இருந்தது. மீதி மூன்றுக்காகத் தறிக்காரர்களைப் போனில் துரத்திக்கொண்டிருந்தேன். மகள் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ பேசினாள். நான் 'ம்' கொட்டினேன். நடுவில் அவள் சாப்பிடுவதை நிறுத்தி, என் முழங்காலில் இடது கையை வைத்து, "சரியாம்மா?" என்றாள். "சரி சாமி" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சிக்கன் நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்த அன்று அவளை விடுமுறைக்கு அழைத்துவரப் போனேன். ரிசல்ட் வரும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. பத்து நாள் கழித்து அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்; சேர்க்கையெல்லாம் முன்பே முடிந்திருந்தது. அவள் விடுதி வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள். வார்டன் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங்க, பிளஸ் ஒன்னுக்குப் பாப்பா இங்க வரலைங்களா? பாய், பக்கெட்டு எல்லாத்தையும் ஒம்பதாவது படிக்கற புள்ளைக்குக் குடுத்துப்போட்டா. இனி ஊட்ல இருந்து எங்கூரு ஸ்கூலுக்கே போறேன், அம்மா சரின்னுட்டாங்கன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லீட்டுத் திரியறா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் எப்பங்க சொன்னேன்?" என்றேன்.

அது வாயைவிட்டுப் போன பிறகுதான் முழங்காலில் இருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வார்டன் பக்கம் திரும்பி, "அம்மா சொல்லலீங்க மேடம். நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

பதினைந்து வயதுப் பெண், என் மானம் போகாமல் இருக்கத் தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? போய் அந்தப் பக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அவளையே அனுப்பினேன். அந்தச் சின்னப் பெண் அதற்குள் நகப்பூச்சால் அதில் தன் பெயரை எழுதியிருந்தாள். என் மகள் அதைக் கேட்டு வாங்கி வந்தாள். வீடு வரும்வரை பஸ் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பத்து நாளில் நானாவது அவள் ஆசையை அவள் அப்பாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால், என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் தலையாட்டிய என் லட்சணமும் வெளியே வரும். அதற்குப் பயந்து சொல்லவில்லை. விடுமுறை முடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது இரண்டாவது ஞாயிறுகளில் போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நான் ஒரு பகல் பதில் போடாததால் யாரும் சேலை இல்லாமல் நிற்கவில்லை. கவனம் சிதறாமல் வாழ்வது எப்படி என்று அதே போனில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன், சேலை மடித்துக்கொண்டே. எனக்கு உதவுவது ஒரே ஒரு பழக்கம்தான். அவள் ஒன்று சொல்லி முடித்ததும், அதை என் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். காதில் ஏறியதா என்று எனக்கே தெரிய வேண்டுமே. ஆனால் திருப்பிச் சொல்லும் அளவுக்கு அவள் எதுவும் பேசுவதில்லை. "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். "சோறு பரவால்ல" என்பாள். நான் அவள் முன்னால் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள்.

போன மாதம் மனசு பொறுக்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு வார்டனிடம் போனேன். "அன்னைக்கு ஊருக்கு வரச் சரின்னு சொன்னது நான்தானுங்க. போனைப் பாத்துட்டே சொல்லிப்போட்டேன். பாப்பா மேல தப்பே இல்லீங்க" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தார். "அதெல்லாம் அப்பவே முடிஞ்சுதுங்களே. பாப்பா நல்லாப் படிக்கறா, போங்க."

வெளியே வந்ததும், அப்பாவிடம் பேசி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னைக்கு மேடம்கிட்ட நீ உண்மையச் சொல்லுவேன்னு உம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னேம்மா. சொல்லிப்போட்டு, அப்புறம் இங்கயே இருன்னு சொல்லிருந்தாக்கூட இருந்திருப்பேன்."