நிலவு வாரத்தில் பூட்டிய வகுப்பு

தீவிலேயே பிறந்து நாற்பது வயதாகியும், நிலவு வெளிச்சத்தில் மீன்கள் வலையைக் கண்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது. மீன் தின்னத் தெரியும். அந்த அறிவோடுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், ஊர்காவற்றுறையில் ஒரு வாசிகசாலையில் பெரியவர்களுக்கான வகுப்புக்கு நேர அட்டவணை போட்டேன்.

மாலை ஆறு தொடக்கம் எட்டு. பௌர்ணமி வரும் போயா வாரம் முழுக்க லீவு. படிப்பவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், நல்ல நிலவில் துறையடியில் காட்ஸ் விளையாடுவது எனக்குப் பிடிக்கும்.

வந்தவர்களில் ஒருவர் என் வயதுக் கடற்றொழிலாளி. முழங்கால் பழுதாகி வலை இழுக்கச் சிரமப்பட்டார். தீவுகளுக்கு ஆளேற்றும் லோஞ்சுப் படகை ஓட்டும் வேலைக்கு மூன்று மாதத்தில் எழுத்துப் பரீட்சை. இம்முறை தவறினால் வயது கடந்துவிடும். அந்த மனிதரோ வாரத்தில் இரண்டு நாள் வருவார், வந்தும் வாங்கில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவார்.

"அண்ணை, நேரத்தை மதிக்கப் பழகவேணும்" என்றேன்.

"ஓம் மாஸ்டர்" என்றுவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார்.

அடுத்த நாள் அவருடைய மனைவி வந்தார்.

"மாஸ்டர், இருட்டு நாளில இவர் ஆறு மணிக்குக் கடலுக்கு வெளிக்கிடவேணும். கடலுக்குப் போகாத ரெண்டு நாளில வந்தாலும், முதல்நாள் விடிய விடிய முழிச்ச மனிசன் உங்கட வாங்கில நித்திரை கொள்ளாமல் என்ன செய்யிறது? நிலவெண்டா மீன் வலையைக் கண்டிடும், தொழில் இல்லை, வீட்டில சும்மா கிடக்கிறார். அப்ப பாத்து நீங்கள் வகுப்பைப் பூட்டிப்போட்டு காட்ஸ் விளையாடுறியள்!"

சிவப்பு மையில் கீறிய அட்டவணையை நானே கிழித்தேன். கோயில் கலண்டரில் நிலவு பார்த்துப் புதிதாக ஒன்று போட்டேன். நிலவு நாட்களில் காலையும் மாலையும் வகுப்பு. இருட்டு நாட்களில் வகுப்பே இல்லை. மத்தியானம் அவர் கிழிந்த வலை பொத்தும்போது மனைவி கேள்வியை வாசிப்பார், அவர் ஊசியை நிறுத்தாமல் பதில் சொல்லுவார். என் காட்ஸ் சபை கலைந்தது.

அவர் பரீட்சை பாஸ் பண்ணினார்.

பிறகொருநாள் நயினாதீவுக்குப் போகையில் லோஞ்சை ஓட்டியவர் அவர்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று, "எல்லாம் என்ர அட்டவணையால வந்தது" என்றேன்.

அவர் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாஸ்டர், அட்டவணை போட்டது நிலவு. நீங்கள் கோடுதான் கீறினனீங்கள்."