ஹெட்வே யாருடைய வார்த்தை

ஒன்பது வயதில் எனக்குப் பேச்சு திக்கும். அதிலும் ‘ஹ’ வந்துவிட்டால் தொலைந்தேன். அம்மாவின் போன் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். யாராவது என்னை ‘ஹலோ’ சொல்லச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பெட்டாலிங் ஜெயாவில் எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த சீன ஆன்டி ஒரு நாள் அம்மாவிடம், “ஷி இஸ் மேக்கிங் ஹெட்வே” என்றார். அம்மாவுக்கு ‘ஹெட்’ தெரியும், ‘வே’ தெரியும். இரண்டும் சேர்ந்ததும் கலங்கிப்போனாள். என் தலையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பிரிக்பீல்ட்ஸ் வீடு வந்து சேரும்வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயம் வெளியே வந்தது. கிள்ளான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது எங்க வார்த்தைலா! கப்பல் முன்னால போறதுக்குப் பேர்தான் ஹெட்வே. அஹெட்ல இருந்த ‘அ’ உதிர்ந்து போச்சு. கப்பல்காரனுக்கு ‘வே’ன்னா பாதை இல்ல, ஓட்டம். எதிர்காத்துல துளி நகர்ந்தாலும் ஹெட்வேதான். புள்ள முன்னேறுதுன்னு சொல்லியிருக்காங்க.”

சித்திக்கு எல்ஆர்டி நகர ரயிலின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அவள் விடவில்லை.

“என்னண்ணே, நாங்க தினம் சொல்ற வார்த்தை அது. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவுல விடுற நேரம்தான் ஹெட்வே. அதை விடலன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.”

ரசம் ஆறிப்போகும்வரை சண்டை ஓயவில்லை. அந்த மாதம் எங்கள் பள்ளியில் ஆங்கில வாரம் வந்தது. ஒவ்வொருவரும் மேடையேறி ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்க வேண்டும். “இவ அந்த வார்த்தையையே சொல்லட்டும், யாரு சரின்னு அங்க பாத்துக்கலாம்” என்றாள் அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் போன் வந்தது. வேலை முடிந்ததும் பெரியப்பா துறைமுகத்திலிருந்து கூப்பிடுவார். ஷிப்ட் தொடங்கும் முன் சித்தி கூப்பிடுவாள். தங்கள் கட்சியை எடுத்துச் சொல்லிவிட்டு, “எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்” என்பார்கள். அம்மா குளியலறை வாசலிலேயே நின்று போனை நீட்டுவாள். ‘ஹெ’யிலேயே நான் மாட்டிக்கொண்டு நிற்பேன். பெரியப்பாவின் பக்கம் கிரேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இருவர் மேலும் எரிச்சல் வந்து, பள்ளி நூலகத்தில் இருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். மூன்றாவதாக ஒரு பொருள் இருந்தது. பாலத்துக்குக் கீழே தலை இடிக்காமல் போக விட்டிருக்கும் உயரமும் ஹெட்வேதானாம். ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் மேடையேறிய அன்று முன்வரிசையில் அம்மாவுக்கு இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் சித்தி. கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல உடுத்தியிருந்தார்கள். மைக்கின் முன் நின்று வாயைத் திறந்தேன். “ஹெ... ஹெ...” பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சூடானது. வாயை மூடிக்கொண்டேன். முன்னால் போன ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன். அரங்கம் முழுக்க என்னோடு காத்திருந்தது.

“ஹெட்வே.”

முழுசாக வந்துவிட்டது! கப்பலைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன். நடுவில் இரண்டு முறை திக்கியது, நின்று மறுபடி போனேன். பாலத்தைச் சொன்னபோது பெரியப்பாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு முகங்களையும் மேடையிலிருந்து பார்த்த சந்தோஷம் இன்றும் குறையவில்லை. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சித்தி விசிலடித்தாள். தலைமையாசிரியர் திரும்பிப் பார்த்தார், அவள் மறுபடி அடித்தாள்.

“மொதல்ல சொன்னது எங்க அர்த்தம்தானே?” என்றார் பெரியப்பா காரில்.

“கைதட்டல் எனக்குத்தான் அதிகம்ணே” என்றாள் சித்தி.

நடுவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றபடி, “ரெண்டு பேருமே தோத்துட்டீங்க” என்று தீர்ப்புச் சொன்னேன். திக்கவே இல்லை. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

ஒரு வார்த்தைக்காக இவ்வளவு சண்டையா என்று அப்போது நினைத்தேன். நாள் முழுக்கக் கடலில் நின்று களைத்த மனிதர், அந்த இரைச்சலில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒரு சிறுமி தானாகச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றது எதற்காக என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.