பழவேற்காட்டுப் பாடும் பிஸ்கட்டவே பார்க்கிங்கும்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில், பார்க்கிங் சண்டைக்குத் தீர்வாகப் பழவேற்காட்டு மீன்பிடி முறையைக் கால் மணி நேரம் விளக்கிய அசடு நான்தான். இடமில்லாமல் கண்ட இடத்தில் நிறுத்தியதால், என் காரை இரண்டு தடவை டோ வண்டிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்க இன்னொரு தடவை அலைய உடம்பில் தெம்பில்லை.

அன்று கூட்டத்துக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டில் யாரோ காய்ந்த இறாலை வறுத்தார்கள். அந்த வாசனையில், துணி வாங்க வந்து கோட்டை கட்டி ஒருநாள் கிளம்பியும் போன டச்சுக்காரர்களின், மண்டையோட்டுச் சின்னம் செதுக்கிய கல்லறைகளுக்கும் ஏரிக்கும் நடுவே இறால் காய்ந்த மணல்திட்டும், தபால் அதிகாரியான அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் ஒன்பது வருடம் வாழ்ந்த அந்த ஊரின் காலைகளும், படகுக்காரர் கழியை ஊன்றும் சத்தமும், ஏரியில் இன்று எந்த இடத்தில் எவர் வலை போடுவது என்று பரம்பரை மீனவர்கள் தங்களுக்குள் மட்டும் சீட்டுப் போட்டு வகுத்துக்கொண்ட ‘பாடு’ம், தன் நாள் வராதவர் முணுமுணுக்காமல் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்ததும் ஒவ்வொன்றாக வந்தன. அந்த மணல்திட்டு இப்போது இல்லையாம்.

அத்தனையையும் கூட்டத்தில் கொட்டி, பார்க்கிங் இடங்களையும் அப்படியே சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளலாம் என்றேன். வாக்கெடுப்பில் என் கை மட்டும் உயர்ந்தது.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் செந்தில் தோளில் தட்டினார்.

“சூப்பரா பேசுனீங்ண்ணா. ஒரே ஒரு டவுட்டு. அந்த ஏரியில உங்கப்பாவுக்கு என்னைக்காச்சும் பாடு குடுத்தாங்களா?”