கீலுக்கு வைத்த கிரீஸ்

போன வாரம் ஒரு பிக்கப் ஓட்டுநர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கவில்லை. பாகம் வர இரண்டு நாளாகும், அதுவரை வண்டியைத் தரமாட்டேன் என்றேன். "ஒரு கண்ணாடிக்கா இந்தப் பாடு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கதவின் உள்பலகையைக் கழற்றியபோது நனைந்த ரப்பரும் பழைய கிரீஸும் கலந்து ஒரு வாசனை வந்தது. அந்த வாசனைதான் பதில். அதை அவரிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்தது, பாறசாலைக்குப் பக்கத்தில் தாசன் அண்ணன் நடத்திவந்த வர்க்‌ஷாப்பில். அங்கே நான் ஒருத்திதான் பெண். எதற்கும் பட்டியல் போடுவேன். சட்டைப் பையில் எப்போதும் மடித்த தாள் இருக்கும். "இவ கல்யாணத்தன்னைக்கும் மாப்பிளைய செக் பண்ணி டிக் போட்ட பெறவுதான் மாலை இடுவா" என்பார் தாசன் அண்ணன். நானும் சிரிப்பேன். அந்தத் தாளின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

ஒரு மழைக்காலச் சனிக்கிழமை ராஜையன் அண்ணன் வந்தார். குன்னத்துகாலில் இருந்து எல்லை தாண்டிக் களியக்காவிளைச் சந்தைக்குப் பிக்கப்பில் வாழைக்குலை ஏற்றுகிறவர். டிரைவர் பக்கக் கண்ணாடியின் பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமியது. கண்ணாடி மட்டும் கதவுக்குள் விழுந்து கிடந்தது. அதைத் தூக்கும் கம்பிவடம் அறுந்திருந்தது. நாகர்கோவிலில் இருந்து புதியது வர திங்கள் சாயங்காலம் ஆகும். வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றேன்.

"திங்கக்கிழம காலத்தே லோடு உண்டு மக்கா. குலை பழுத்துப் போவும்."

எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். கண்ணாடியை மேலே தூக்கி, உள்ளே ரப்பர் மரத்துண்டு ஒன்றைச் செருகி நிறுத்தினேன். மழை உள்ளே வராது. கண்ணாடியும் இறங்காது.

"அப்பம் செக்போஸ்டில பேப்பர் எப்படிக் குடுக்க?"

"கதவத் தெறந்து குடுங்க அண்ணா. ஒரு நாள்தானே."

"அதும் செரியாக்கும்" என்று சொல்லி, மற்றதையும் சரிபார்க்க வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.

பிறகு தாளை எடுத்தேன். வைப்பர், விளக்கு, ஹார்ன், பிரேக். கதவு இறுக்கமாக இருந்தது. உள்ளிருந்து தோளால் முட்டித் தள்ளினால்தான் திறக்கும். யாரும் கேட்கவில்லை, நானாகவே கீலுக்கு கிரீஸ் வைத்தேன். அதற்குப் பிறகு விரலால் தொட்டாலே விரிந்தது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, ஞாயிறு சாயங்காலம் வண்டியை நானே ஓட்டிப்போய் அவர் வீட்டு முற்றத்தில் விட்டேன்.

திங்கள் காலை, நல்ல மழை. செக்போஸ்டுக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். மழைக்கோட்டு போட்ட ஒருவர் நடந்து வருவதற்குள், ராஜையன் அண்ணன் வலது கையில் சரக்கு பில்லைப் பிடித்தபடி வழக்கம்போலக் கதவைத் தோளால் தள்ளினார். இறக்கத்தின் போக்கில் கதவு முழுதாக விரிந்துபோனது. இழுத்துப் பிடிக்கக் கை நீட்டினார். பின்னால் வந்த பஸ் கதவையும் கையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

சாயங்காலம் கம்பிவடம் வந்து சேர்ந்தது. "கதவத் தெறக்கச் சொன்னது நீதான்னு எங்கயும் மிண்டாத, கேட்டியா" என்றார் தாசன் அண்ணன்.

சில மாதம் கழித்து ராஜையன் அண்ணனின் மனைவி வண்டியை விற்க ஏற்பாடு செய்தார். வேறொரு பழைய கதவை மாட்டி, அந்தக் கம்பிவடத்தை நான்தான் பொருத்தினேன். பார்க்க அண்ணனும் வந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் பட்டனை அழுத்தினார். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது. மறுபடி ஏற்றினார்.

"இப்பம் கொள்ளாம். பேப்பர் குடுக்கத்தான் கை இல்ல."

"நான் சொன்னதுனாலதானே அண்ணா" என்றேன்.

"நீ சொல்லாட்டா வேற எப்படிக் குடுப்பேன்? சதிச்சது அந்தக் கதவாக்கும். எப்பளும் தோளக் குடுத்தாத்தான் அசையும். அன்னைக்கும் குடுத்தேன், பறந்து போச்சு. எப்படின்னு இன்னும் பிடி கிட்டல மக்கா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்த தாளைத் தொட்டுக்கொண்டு நின்றேன். "வண்டி நல்ல விலைக்குப் போவும் அண்ணா" என்றேன்.

செக்போஸ்டை எடுத்துவிட்டார்கள். அந்த இறக்கத்தில் பஸ்கள் இப்போது வேகம் குறைப்பதே இல்லை. தாசன் அண்ணனின் வர்க்‌ஷாப் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை. ராஜையன் அண்ணன் போன வருடம் காய்ச்சலில் இறந்தார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று கேட்க இனி ஆள் இல்லை.